கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சுதா?

ஹாஸ்டல்ல சேர்ந்த அன்னைக்கு நீட்டின உறுதிமொழிப் படிவம் ஞாபகம் இருக்கா? "எல்லா விதிகளுக்கும் கட்டுப்படுகிறேன்." யாராவது முழுசா படிச்சோமா? பக்கத்துல அப்பா, பின்னாடி நீள வரிசை. போட்டுட்டோம். அப்புறம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நீதானப்பா கையெழுத்துப் போட்ட?"

இது பழைய சண்டைதான் மக்களே. உள்நாட்டுப் போரைப் பார்த்து மிரண்ட ஹாப்ஸ், 1651-ல் 'லெவியதான்' எழுதினார். ஆள்பவனே இல்லாவிட்டால் எல்லோருக்கும் எல்லோர் மேலும் பயம். அதனால் உரிமைகளை ஒருவரிடம் ஒப்படைத்துப் பாதுகாப்பை வாங்கிக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். 1689-ல் ஜான் லாக் வேறு மாதிரி சொன்னார்: உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் அரசுக்கு முன்பே நம்முடையவை. அவற்றைக் காப்பாற்றத்தான் அரசு.

ஆனா லாக்கிடமும் ஒரு சிக்கல். ஒரு நாட்டின் சாலையில் நடந்தாலே அதன் சட்டத்துக்குச் சம்மதித்ததாக அர்த்தம் என்கிறார். 1748-ல் டேவிட் ஹியூம் இதை மடக்கினார்: தூங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலில் குதிக்காமல் இருப்பதாலேயே கேப்டனுக்குச் சம்மதித்தவன் ஆகிவிடுவானா?

"பிடிக்கலைன்னா வெளிய போ"ங்கறதும் அதே கதைதான். மூணாவது வருஷம், கல்விக் கடன் ஓடுது, எங்க போறது?

நம்ம நீதிமன்றங்களும் இதைப் பார்த்திருக்கு. 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பம்பாய் நடைபாதைவாசிகள் முன்பு கொடுத்த உறுதிமொழியைக் காட்டி அவர்கள் வாயை அடைக்கப் பார்த்தார்கள். அடிப்படை உரிமையை யாரும் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல், மாலை 6 முதல் 10 வரை போன் கூடாது என்ற விதியை எதிர்த்து ஹாஸ்டலை விட்டு நீக்கப்பட்ட மாணவியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம்.

அதுக்காக விதியே வேண்டாம்னு சொல்லல. ராகிங் தடை இல்லாத ஹாஸ்டல்ல நான் ஒரு நாள் கூட இருக்க மாட்டேன். அந்த இடத்துல ஹாப்ஸ் சொன்ன பயம் நிஜம். கேக்கறது ரெண்டுதான்: ஒவ்வொரு விதிக்கும் காரணத்தை எழுதிப் போடுங்க, விதி போடற கமிட்டில எங்களுக்கும் நாற்காலி கொடுங்க. ஒப்பந்தம்னா ரெண்டு பக்கம் இருக்கணும் இல்லையா?

அடுத்த வருஷம் வர்ற ஜூனியர்ஸுக்கு ஒண்ணு: வரிசை நிக்கட்டும், படிச்சுட்டுப் போடுங்க.