5.6 என்பது 6.5 ஆகிவிட்டால்?

ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தவரின் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை 5.6 என்று வருகிறது. சர்க்கரை நோய் இல்லை என்று பொருள். அதே எண் நிறுவனத்தின் மென்பொருளில் ஏறும்போது 6.5 என்று பதிவாகிவிட்டால், அந்த நொடியே அவர் சர்க்கரை நோயாளி. இலக்கங்கள் இடம் மாறியது மென்பொருளுக்குத் தெரியாது. கூடுதல் பிரீமியம், ஒத்திவைப்பு, நிராகரிப்பு என்று தனக்குள் எழுதி வைத்த விதிப்படி முடிவு சொல்லிவிடும்.

முன்பெல்லாம் புரபோசல் படிவமும் டாக்டர் ரிப்போர்ட்டும் ஏஜென்ட்டின் ரகசிய அறிக்கையும் ஒரே கோப்பாக அதிகாரியின் மேஜைக்குப் போகும். சந்தேகம் வந்தால் இன்னொரு டெஸ்ட் எடுத்து வரச் சொல்வார். இன்று பல விண்ணப்பங்கள் மனிதர் கண்ணில் படாமலே முடிவாகின்றன. வேகத்தை நாம் குறை சொல்லவில்லை. தவறான பதிவைக் கண்டுபிடிக்க விண்ணப்பதாரருக்கு வழியில்லை என்பதே நம் கவலை.

அந்தத் தவறு ஒரு நிறுவனத்தோடு முடிவதுமில்லை. அடுத்த நிறுவனத்தின் படிவமும் கேட்கும்: முன்பு உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா, கூடுதல் பிரீமியம் விதிக்கப்பட்டதா? ‘ஆம்’ என்றால் அங்கும் சந்தேகப் பார்வை. ‘இல்லை’ என்றால் உண்மையை மறைத்த குற்றம். 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி, முதல் 3 ஆண்டுகளுக்குள் இதைக் காட்டியே பாலிசியைச் செல்லாது எனலாம். உண்மை மறைக்கப்பட்டதா என்ற கேள்வி பெரும்பாலும் எழுவது இழப்பீடு கோரும் நாளில். பதில் சொல்ல வேண்டியவர் அப்போது உயிரோடு இருக்க மாட்டார். மனைவியும் பிள்ளைகளும்தான் அலைய வேண்டும்.

அமெரிக்காவில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் விண்ணப்பதாரரின் மருத்துவக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள 1902-இலேயே ஓர் அமைப்பை உருவாக்கின. அங்கே தங்களைப் பற்றிய பதிவை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்கவும், தவறென்றால் மறுக்கவும் மக்களுக்குச் சட்ட உரிமை உண்டு. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பார்க்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதன் பிறகும், மென்பொருள் ஏன் அப்படி முடிவெடுத்தது என்று விளக்கம் கேட்கும் உரிமை அச்சட்டத்தில் இல்லை.

இந்தப் பதிவுகள் பத்திரமாகவும் இல்லை. 2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவன வாடிக்கையாளர்களின் மருத்துவ விவரங்கள் டெலிகிராம் செயலியில் எவரும் எடுக்கும்படி கிடைத்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் கைக்குப் போகும் மருத்துவ அறிக்கை, அதற்குரியவர் கைக்கு மட்டும் வராதா?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 18 மாத அவகாசத்தைக் காரணம் காட்டிக் காத்திருக்கக் கூடாது. மறுக்கப்பட்ட, ஒத்திவைக்கப்பட்ட, கூடுதல் பிரீமியம் கேட்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும், மென்பொருளில் பதிவான விவரங்களையும் முடிவுக்குக் காரணமான விதியையும் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் விண்ணப்பதாரருக்கு அனுப்ப இப்போதே உத்தரவிட வேண்டும். அவர் மறுப்புத் தெரிவித்தால், ஓர் அதிகாரி மூல அறிக்கையைத் தன் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பதிவு தவறென்று தெரிந்தால், அந்த நிராகரிப்பையே ரத்து செய்து எழுத்தில் தர வேண்டும்.