பொறி பேசும் தமிழுக்குப் பொறுப்பாளர் எவர்?

சிதம்பரத்தில் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற திங்கள் கடலூரில் எம் இல்லத்திற்கு வந்திருந்தான். நெய்தல் திணை பற்றிய கட்டுரை ஒன்றைக் கொடுத்துத் திருத்தித் தருமாறு வேண்டினான். படித்தோம். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஒற்றுப்பிழையும் மிகக் குறைவே. ஆயினும், பின்னால் நின்று எவரோ ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அச்சத்தோடு தமிழாக்கி எழுதியதுபோல் இருந்தது அந்நடை. வேண்டாத இடங்களிலெல்லாம் 'ஒரு' வந்து நின்றது. தலைவியின் துயரத்தில் கடற்கரை 'ஒரு முதன்மையான பங்கை ஆற்றுகின்றது' என்றிருந்தது. கடற்கரை எந்தப் பங்கை ஆற்றும்? கூத்தில் வேடமா கட்டியிருக்கின்றது? நான்காம் பக்கத்தில் குறுந்தொகை 416ஆம் பாடல் என்று மேற்கோட் குறிப்பு வேறு. கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகைப் பாடல்கள் 401 தாம்!

"தம்பி, இப்பாடலை எந்தப் பதிப்பில் கண்டாய்?" என்றோம்.

தலைகுனிந்தான். "செயற்கை அறிவுப் பொறியிடம் கேட்டு எழுதினேன், ஐயா" என்றான். அங்கேயே கைப்பேசியை எடுத்து அப்பொறியை மீண்டும் வினவினான். பொறி தன்னைப் பொறுத்தருளுமாறு மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டு வேறோர் எண்ணைத் தந்தது. நூலை எடுத்துப் பார்த்தோம். அவ்வெண்ணுக்குரிய பாடல் நெய்தலே அன்று, குறிஞ்சி!

அம்மாணவனைக் கடிவதற்காக இதனை எழுதவில்லை. அவனாவது தலைகுனிந்தான். பொறிக்குத் தலையும் இல்லை, குனிதலும் இல்லை. ஈண்டு நாம் பேச வந்தது இதனையே. தமிழ் இதுவரை பல கேடுகளைக் கண்டிருக்கின்றது. அயற்சொற் கலப்பைக் கண்டது. அயல்மொழித் திணிப்பைக் கண்டது. ஆனால், எவருடைய வாயிலிருந்தும் பிறவாத, எவரும் பொறுப்பேற்காத தமிழை இப்பொழுதுதான் முதன்முறையாகக் காண்கின்றது.

இப்பொறி செய்வது என்ன? மாந்தர் எழுதிக் குவித்தவற்றையெல்லாம் அள்ளி விழுங்கி, ஒரு சொற்றுண்டுக்குப் பின் எத்துண்டு வரக்கூடும் என்று கணக்கிட்டு அடுக்குகின்றது. மெய்யா பொய்யா என்பது அக்கணக்கின் முதல் வினா அன்று. வரக்கூடுமா கூடாதா என்பதே வினா. அது விழுங்கும் இணைய எழுத்தில் பாதிக்கு அண்மையில் ஆங்கிலம். ஏழுகோடி மக்கள் பேசும் நம் மொழியின் பங்கோ நூற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சிறு பங்கிலும் நாளிதழ்க் கலப்படமும், திரைச் செய்தியும், முன்னைய பொறிகள் துப்பிய அரைகுறை மொழிபெயர்ப்புமே மிகுதி. அதை உண்ட வாய் எதைப் பேசும்? ஆங்கில எலும்பின்மேல் தமிழ்த்தோல் போர்த்திய நடையைத்தான் பேசும். 'தனித்தமிழில் எழுதுக' என்று ஆணையிட்டுப் பாருங்கள். வேரும் இன்றி வழக்கும் இன்றி அந்நொடியே ஒரு சொல்லைப் புனைந்து, அது வழிவழி வந்த சொல்லே என்று துணிந்து கூறும்.

பாவாணர் 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் ஒரு சொல்லுக்கு வேர் காட்டினால் அதன்கீழ்ப் பாவாணர் என்னும் பெயர் நிற்கும். உடன்படாதார் அவரோடு வழக்காடலாம், பலர் வழக்காடினர், அவரும் விடையிறுத்தார். மொழி அவ்வாறுதான் வளரும். பொறியோடு எவர் வழக்காடுவது? காலையில் ஒன்று சொல்லும். மறுத்தால் மாலையில் நமக்கு இசைந்தே மற்றொன்று சொல்லும்.

மாணவன் கட்டுரையோடு இது நின்றிருந்தால் நாம் இத்துணை சினந்திரோம். அரசுகளே பொறித்தமிழைக் கையிலெடுத்துள்ளன என்பதே பெருங்கேடு. சென்னை உயர்வழக்கு மன்றத்தில் தமிழில் வழக்காட வேண்டும் என்று 2006 திசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இராசத்தானிலும், உத்தரப்பிரதேசத்திலும், மத்தியப்பிரதேசத்திலும், பீகாரிலும் உயர்வழக்கு மன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. தமிழுக்குக் கேட்டபொழுதோ, 2012இல் தில்லித் தலைமை வழக்குமன்ற நடுவர்கள் கூடி மறுத்துவிட்டனர். அதே தலைமை வழக்குமன்றம் 2019இல் 'சுவாசு' என்னும் மொழிபெயர்ப்புப் பொறியைத் தொடங்கி வைத்தது. தீர்ப்புகள் இன்று தமிழிலும் வருகின்றன. மொழிபெயர்ப்பாளர் பார்வையிட்ட பின்னரே வருவதாகவும் கூறுவர், மகிழ்ச்சி. ஆனால், அத்தமிழ்த் தீர்ப்போடு வரும் குறிப்பைப் படித்தீர்களா? வழக்காளர் தம் மொழியில் அறிந்துகொள்வதற்கு மட்டுமே இம்மொழிபெயர்ப்பு. வேறெதற்கும் இதனைப் பயன்படுத்தலாகாது. ஆங்கில வடிவமே செல்லும் என்பது அதன் கருத்து. பண்ணுருட்டிக்காரன் ஒருவனின் முந்திரித்தோப்பு கைவிட்டுப் போயிற்று என்பதை அவன் தமிழில் படித்து அழலாம். அத்தமிழைக் கையில் கொண்டு மன்றத்தில் நின்று ஒரு சொல்கூட வழக்காட முடியாது! செல்லாத காசை அச்சடித்து இரவலர் தட்டில் இடுவதற்கும் இதற்கும் வேற்றுமை என்னை?

இன்னொன்றையும் கேளுங்கள். இந்திய அரசு 2022இல் 'பாசினி' என்று வடமொழிப் பெயரிட்டு ஒரு மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2023 திசம்பர் 17 அன்று காசியில் நடந்த தமிழ்ச் சங்கம நிகழ்ச்சியில் தலைமையமைச்சர் இந்தியில் பேச, பொறி அதனை அவ்வப்பொழுதே தமிழாக்கி அங்கிருந்த தமிழர் செவியில் ஊற்றிற்று. பலர் வியந்தனர். நாம் வியக்கவில்லை. 1965 சனவரி 27 அன்று இதே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் குண்டடிபட்டு வீழ்ந்தது எதற்காக? இந்தி நமக்குப் புரியவில்லை என்பதற்காகவா? புரியாமையே குறையாயின், ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி அன்றே அதனைத் தீர்த்திருக்கலாமே! ஆளும் மொழியாக எது இருப்பது என்பதே அன்றைய வழக்கு; இன்றைய வழக்கும் அதுவே. "நாங்கள் எங்கள் மொழியிலேயே ஆணையிடுவோம், உங்கள் காதில் பொறி தமிழில் ஓதும், இனி உங்களுக்கு என்ன குறை?" என்று நாளை கேட்பர். அவ்வினாவிற்கு விடையை இன்றே அணியப்படுத்தி வைத்தல் வேண்டும்.

பொறியின் அடித்தளத்திற்கே சென்று பார்ப்போம். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ ஐந்து குறி. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொரு குறிக்கும் பைட்டு எனப்பெறும் சேமிப்பலகு மூன்று, ஆகப் பதினைந்து. ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தே அலகில் முடிந்துவிடும். அதனினும் கொடியது இலக்கணக் கேடு. புள்ளிபெற்ற மெய்யே முதல். அதில் உயிர் ஏறியே உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பிய நெறி. ஒருங்குறியிலோ அகரமேறிய 'க'தான் முதல். அதன் தலையில் புள்ளியிட்டால் 'க்'. மகளிடமிருந்து தாய் பிறக்கின்றாள்! நாகரி எழுத்தின் முறையை அடிப்படையாக வைத்து 1988இல் இந்திய அரசு வகுத்த குறியீட்டை, 1991இல் ஒருங்குறியார் அவ்வாறே எடுத்துக்கொண்டதன் விளைவு இது. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டு முறையையும் ஏற்று ஆணையிட்டது. ஆயினும், உலகப் பொறிகள் தின்பது ஒருங்குறியைத்தான். ஒரே செய்தியைச் சொல்ல ஆங்கிலத்தினும் தமிழுக்கு மிகுதியான துண்டுகள் வேண்டியுள்ளன. துண்டுக்கு இவ்வளவு என்று விலை கூறுகின்றனர் அப்பொறி வணிகர். நம் மொழியைப் பேச நாமே மிகைவரி கட்டுகின்றோம்.

திறவுகோல் பிறர் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதைத் தில்லை நமக்குச் சொல்லும். மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓரறையில் கிடந்தன என்றும், பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றித் திறவோம் என்று தில்லை அந்தணர் மறுத்தனர் என்றும், மூவர் படிமங்களை எடுத்துவந்து நிறுத்தி மன்னன் அவ்வறையைத் திறப்பித்தான் என்றும், உள்ளே கறையான் புற்று மூடிக்கிடந்தது என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். தொன்மக் கதையை வரிக்குவரி வரலாறாகக் கொள்ளுவார் அல்லர் நாம். ஆயினும், எண்ணூற்றுக்குச் சற்றுக் குறைந்த பதிகங்களே இன்று நம் கையில் உள்ளன என்பது கதையன்று. அன்று பூட்டிய அறை நம் ஊரில் இருந்தது. பூட்டியவர் எவர் என்று தெரிந்திருந்தது. மன்னன் சென்று திறப்பிக்கவும் முடிந்தது. இன்றைய அறை கடல்கடந்து அமெரிக்க வணிகக் கொட்டிலில் இருக்கின்றது. எந்த நூலைத் தின்றது, எதை விட்டது என்பதை முழுமையாக வெளியிடுவாரும் அரியர். எந்த மன்னன் போய்க் கதவைத் தட்டுவது?

'இவர்கள் அன்று அச்சையும் எதிர்த்திருப்பார்கள்' என்று ஏளனம் செய்வாருக்கு ஒரு சொல். 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்து அச்சேறியது. தாமோதரனாரும் உ.வே.சாமிநாதரும் அச்சைக் கொண்டே பழந்தமிழை மீட்டனர். அச்சுப்பொறி எழுதியதை அச்சிட்டது, தானே எழுதவில்லை. சிதம்பரம் மீனாட்சி தமிழ்க்கல்லூரிக்கு 1924 முதல் மூன்றாண்டு தலைவராக இருந்தவர் சாமிநாதர். ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு, ஐயுற்ற இடத்தில் ஐயம் என்றே குறித்து, பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்தவர். அவர் கொள்கைகளோடு நமக்குப் பிணக்குண்டு. அவர் நாணயத்தோடு பிணக்கில்லை.

பொறியாளரின் உறுதிமொழியும் நம் மாவட்டத்தார்க்குப் புதிதன்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது 1956இல். நிலம் கொடுத்த ஊர்களைக் கேளுங்கள், வளர்ச்சி எவர் வீட்டுக்குப் போயிற்று என்று. 2023 சூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, விளைந்துவந்த நெற்பயிரின்மேல் மண்வாரிப் பொறிகளை ஏற்றினர். நிலம் முன்னமே எடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் மறுமொழி. தாளில் அது மெய்யாகவும் இருக்கலாம். பயிர் தாளில் விளைவதில்லை.

எதிர்த்தால் நடக்குமா என்று சோர்வார் 2010ஐ நினைக்க. கிரந்த எழுத்துகள் இருபத்தாறனைத் தமிழ் எழுத்து வரிசையில் சேர்க்க ஒரு முன்மொழிவு அன்று ஒருங்குறியார்க்குச் சென்றது. எகர ஒகரக் குறில்களையும், ழ, ற, ன என்பவற்றையும் கிரந்தத்தில் கொண்டுபோய் வைக்க இந்திய அரசே மற்றொரு முன்மொழிவை அனுப்பியது. தமிழறிஞர் கொதித்தெழுந்தனர், அன்றைய முதலமைச்சர் கருணாநிதி நடுவணரசுக்கு மடல் விடுத்தார், முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014இல் கிரந்தத்திற்குத் தனியிடம் ஒதுக்கியபொழுது நம் எழுத்து ஐந்தும் அதில் இல்லை. தமிழ் வரிசையிலும் அவ்விருபத்தாறு நுழையவில்லை. கணினிக்காரர் முடிவு கல்லெழுத்து அன்று என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

ஆகவே தமிழ்நாட்டரசிடம் நாம் கேட்பது பெரிதொன்றும் அன்று. எந்த ஆணையாயினும், பாடநூலாயினும், பொறியால் தமிழாக்கப்பட்டதாயின் அவ்வாறே வெளிப்படச் சொல்லவேண்டும். அதைப் படித்துத் திருத்திப் பொறுப்பேற்ற தமிழறிஞர் பெயர் அதன்கீழ் நிற்றல் வேண்டும். பெயரிட எவரும் முன்வாராத தமிழ் அச்சேறலாகாது. வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டும் என்னும் கோரிக்கைக்குப் பொறிபெயர்ப்பை ஈடாக ஏற்கவும் கூடாது. பொறிக்குத் தமிழ் ஊட்டித்தான் ஆகவேண்டுமெனில், எதை ஊட்டுவது என்பதைத் தமிழர் முடிவு செய்க. அதன் திறவுகோல் தமிழ்நாட்டில் இருக்க. நம் அன்பர்களும் தம் மடலையும் துண்டறிக்கையையும் பொறியிடம் எழுதவிடும் சோம்பலை இன்றே கைவிடல் வேண்டும். இவ்விழையைப் படிப்பாருள்ளும் அது செய்வார் சிலர் உளர் என்பதை அறிவோம்.

மாணவனிடம் சாமிநாதர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைக் கொடுத்து, நெய்தற் பாடல்களைத் தன் கையாலேயே எண்ணிக் குறித்து வருமாறு சொன்னோம். நூலைப் புரட்டிப் பார்த்தவன், "உரையே இவ்வளவு இருக்கின்றதே, ஐயா!" என்று மலைத்தான். இரண்டு கிழமைக்குப் பின் வந்தான். கட்டுரை முன்னதில் பாதியளவே இருந்தது, ஒற்றுப்பிழை ஒன்பது. சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தோம்.