வானத்தில் சாகசம், தரையில் ஆபத்து



ஒரு ஜெட் விமானம் சீறிக்கொண்டு போனாலே லயத்துப் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்துவிடுகிறார்கள். ஒன்பது விமானங்கள் ஒன்றாக அணிவகுத்து, வண்ணப் புகை கக்கிக் குட்டிக்கரணம் போட்டால் கேட்கவா வேண்டும்! 1996-இல் உருவான, இந்திய விமானப் படையின் 'சூரிய கிரண்' குழு செய்யும் வித்தை இது. நம் நாட்டிலும் லங்காவியில் 1991-இல் தொடங்கிய லீமா கண்காட்சியில் இத்தகைய சாகசங்களைக் காணலாம். நம் விமானப் படையின் 'ஸ்மோக்கி பேண்டிட்ஸ்' குழு அங்கே மிக் 29 போர் விமானங்களில் பறந்து காட்டியிருக்கிறது.

இவ்வித்தையில் இரு விமானங்களுக்கு இடையே சில மீட்டர் தூரம்தான் இருக்கும். வழியைப் பார்ப்பது தலைவர் ஒருவரே. மற்றவர்கள் பக்கத்து விமானத்தின் மீது வைத்த கண்ணை எடுப்பதில்லை. ஆகவேதான் ஒவ்வொரு திருப்பத்தையும் தரையிலேயே சொல்லிப் பார்த்து, பல முறை ஒத்திகை செய்த பிறகே பறக்கிறார்கள். அப்படியும் தவறு நேர்வதுண்டு. 2015 மார்ச் 15-ஆம் நாள் லங்காவியில் ஒத்திகையின்போது இந்தோனேசிய 'ஜூப்பிட்டர்' குழுவின் இரு விமானங்கள் மோதி விழுந்தன. நான்கு விமானிகளும் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்கள். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழகியிருந்ததுதான் அவர்களைக் காத்தது.

இனி, வேடிக்கை பார்க்கப் போனவர்களின் கதையைக் கேளுங்கள்.

2024 அக்டோபர் 6-ஆம் நாள் சென்னை மெரினா கடற்கரையில் விமான சாகசம் நடந்தது. அன்று எந்த விமானமும் விழவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. நிழலற்ற மணலில் காலை முதல் உச்சிவெயில் வரை லட்சக்கணக்கானோர் காத்திருந்தார்கள். முடிந்ததும் அனைவரும் ஒரே நேரத்தில் புறப்பட, சாலையும் ரயில் நிலையமும் திணறின. குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பலர் மயங்கி விழுந்தார்கள்.

விமானி செய்யும் ஒத்திகையில் கால் பங்காவது நாம் செய்ய வேண்டாமா? லீமாவோ, சுதந்திர தின அணிவகுப்போ, பத்துமலைத் தைப்பூசமோ, எதற்குப் போனாலும் இவற்றை மறவாதீர்கள்:

ஆளுக்கொரு புட்டி தண்ணீர், குடை அல்லது தொப்பி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கூட்டம் கலையும் வரை நிழலில் காத்திருங்கள். இருதய நோய் உள்ள பெரியவர்களும் கைக்குழந்தைகளும் வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பதே நல்லது.

யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, பிதற்றல் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைக் குளிர்வியுங்கள். நினைவிருந்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தவறியவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

தாய்மார்களே, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுங்கள். அது அவர்களுக்குக் கல்வியும்கூட. ஆனால் போகும் வழியை யோசிக்கும்போதே திரும்பி வரும் வழியையும் யோசித்து வையுங்கள்.