காதுக்கும் ஒரு பள்ளிக்கூடம்

ஆங்கிலம் நம்மில் பெரும்பாலோருக்குக் கண் வழியாக வந்த மொழி. பாடப் புஸ்தகத்தை வாசித்து, இலக்கணத்தை உருப்போட்டு, பரீட்சைத் தாளில் எழுதித் தேறினோம். ஆதலால், கடினமான வைத்திய நூல்களையும் தடையின்றிப் படிக்கும் நம் பெண்ணோ பிள்ளையோ, சீமையில் ஒரு கிழவர் தம் வயிற்று வலியைப் பற்றி இரண்டு வாக்கியம் வேகமாகச் சொன்னால் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. வேறு உத்தியோகத்தில் இதனால் நேர்வது சிறிது சங்கடம்; நோயாளியின் படுக்கையருகில் நேர்வதோ ஆபத்து.

'பிஃப்டீன்', 'பிஃப்டி' என்னும் இரண்டு சொற்களை எடுத்துக் கொள்ளுங்கள். முன்னது 15, பின்னது 50. மருந்தின் அளவைத் தொலைபேசியில் சொல்லும்போது ஒன்றை மற்றொன்றாகக் கேட்டுவிட்டால், நோயாளிக்கு மூன்று மடங்குக்கு மேல் மருந்து போய்விடும். முதற் சொல்லைத் தனியே சொன்னால் அழுத்தம் ஈற்றசையில் விழும். இரண்டாவதில் முதலசையில் விழும். ஆனால் அடுத்து 'மில்லிகிராம்' என்று வந்தால், முன்னதன் அழுத்தமும் பெரும்பாலும் முன்னுக்கு நகர்ந்துவிடுகிறது! இதனால்தான் எண்களை 'ஒன், ஃபைவ்' என்றும் 'ஃபைவ், ஜீரோ' என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் வற்புறுத்துகிறார்கள். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நமக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டுவதில்லை.

பிரிட்டனில் 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அதன் ஆஸ்பத்திரிகளில் இன்று நம் நாட்டு நர்ஸுகள் ஏராளமாகப் பணி புரிகிறார்கள். அங்கே பதிவு பெற விரும்புவோர், ஓ.ஈ.டி. என்னும் வைத்தியத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதலாம். 2017 முதல் பிரிட்டிஷ் நர்ஸிங் கவுன்ஸில் அதை ஏற்கிறது. அதில் கேட்டல் பகுதி சுமார் 45 நிமிஷம், கேள்விகள் 42. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். நர்ஸுக்கு அதில் 500-க்கு 350 வேண்டும். கட்டணமோ குடும்பத்துக்குப் பெரும் சுமை. ஆயினும் பலர் செய்யும் ஏற்பாடு என்ன? பழைய வினாத்தாள்களை வாங்கி மனப்பாடம் செய்வதுதான். நீச்சலைப் புஸ்தகத்தில் கற்பது போலத்தான் இதுவும்.

தேர்வில் தேறினாலும் நோயாளிகள் வினாத்தாளின் பாஷையில் பேசுவதில்லை. 'ஸ்பெண்ட் எ பென்னி' என்று மூதாட்டி சொன்னால், காசு செலவழிக்க அல்ல, சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று பொருள். ஒரு காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி நாணயம் போட்டால்தான் திறக்கும். அதன் மிச்சம் இது. 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்றால் குழாய் ரிப்பேர் அன்று, சிறுநீர்க் கோளாறு. வட இங்கிலாந்தில் 'பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. ஸ்காட்லாந்தில் 'ஆக்ஸ்டர்' என்பது அக்குள். இவற்றை எந்தப் பாடப் புஸ்தகத்தில் தேடுவது?

வழி இருக்கிறது, அதற்குப் பெரும் செலவும் இல்லை. கைத்தொலைபேசி வழியே உலகத்து வானொலிகளெல்லாம் இப்போது வீட்டுக்குள் வருகின்றன. படிப்படியாக ஏறினால் போதும். முதற்படி செய்தி, அதை வாசிப்பவர் நிதானமாகவும் தெளிவாகவும் வாசிப்பார். அடுத்த படி வைத்தியப் பேச்சு. பி.பி.ஸி.யின் 'இன்சைட் ஹெல்த்' ஒன்று, ஆஸ்திரேலிய ஏ.பி.ஸி.யின் 'ஹெல்த் ரிப்போர்ட்' மற்றொன்று. பின்னதை நெடுங்காலம் நடத்தி வந்த டாக்டர் நார்மன் ஸ்வான் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஆகவே ஒரே நிகழ்ச்சியில் இரண்டு நாட்டு உச்சரிப்புகள் நம் காதில் விழும். மூன்றாம் படி வீட்டுப் பேச்சு. 1951 முதல் பி.பி.ஸி.யில் நடந்துவரும் 'தி ஆர்ச்சர்ஸ்' என்னும் கிராமத்துத் தொடர் நாடகம் அதற்கு ஏற்றது. ஒரு பகுதி கால் மணிக்கும் குறைவு. கடைசிப் படியில், லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் படம் பிடித்து 2011-இல் சானல் 4 வெளியிடத் தொடங்கிய '24 அவர்ஸ் இன் ஏ அண்டு ஈ' போன்றவற்றைப் பார்க்கலாம். அங்கே பேசுவோர் நடிகர்களல்லர். வலியால் துடிக்கும் மனிதர்கள்.

ஆனால் சமையலறையில் ரேடியோ தானாகப் பாடிக்கொண்டிருப்பது பயிற்சியாகாது. நாள்தோறும் இரண்டு நிமிஷப் பேச்சைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை எழுத்துத் துணையின்றிக் கேளுங்கள். யாருக்கு, என்ன நோவு, எத்தனை நாளாக, என்ன மருந்து என்று குறிப்பெழுதுங்கள். இரண்டாம் முறை கேட்டுத் திருத்துங்கள். அதன் பிறகே அச்சிட்ட வசனத்தையோ திரையின் அடியில் ஓடும் எழுத்தையோ பாருங்கள். எங்கே காது ஏமாந்தது என்று அப்போது விளங்கும். அந்த இடத்தை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். நம் பள்ளிகளில் முன்பு நடந்த 'டிக்டேஷன்' இதுதான். அதைக் கைவிட்டது நஷ்டம். வீட்டில் தம்பியோ தங்கையோ எண்களையும் மருந்துப் பெயர்களையும் வேகமாகப் படிக்க, அக்காள் எழுதிக் காட்டலாம்.

இதை அந்நிய மொழி மோகம் என்று யாரும் எண்ண வேண்டாம். நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்வது வைத்திய தர்மம். அது எந்த மொழிக்கும் பொது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்துவிட்டு நம் ஊர் ஆஸ்பத்திரியில் அமர்ந்திருக்கும் இளம் டாக்டருக்கு, 'நெஞ்சைக் கரிக்கிறது', 'தலை கிறுகிறுக்கிறது', 'கை காலெல்லாம் ஓய்ந்து வருகிறது' என்று கிராமத்துப் பாட்டி சொல்வதன் நுட்பம் விளங்குகிறதா? அதற்கும் ஒரு தேர்வு வைத்தால் எத்தனை பேர் தேறுவார்களோ! சீமைக்குப் போகிறவர் ரேடியோவைக் கேட்கட்டும். இங்கேயே இருப்பவர் பாட்டியின் பேச்சைக் குறுக்கிடாமல் முழுதும் கேட்கட்டும்.