கோமதி ஆயிரம், டாட் காம் ஒன்று!

சங்கரன்கோவிலில் கோமதி பெயரில் எத்தனை கடை! ஜவுளிக் கடை, மளிகைக் கடை, பாத்திரக் கடை, ஓட்டல்... அம்மன் சன்னதி இருக்கிற ஊரில் வேறு யார் பெயரை வைப்பார்கள்? அடுத்தடுத்து இரண்டு கோமதி ஸ்டோர்ஸ் இருந்தாலும் தகராறு இல்லை. "பஸ் ஸ்டாண்டு கோமதியா, தேரடி கோமதியா?" என்று கேட்டால் முடிந்தது.

இன்டர்நெட்டில் அந்தக் கதை நடக்காது. அங்கே ஒரு முகவரி உலகத்திலேயே ஒருத்தருக்குத்தான். முந்திப் பதிவு செய்தவருக்கே பெயர். டாட் காம் பதிவு 1985-ல் தொடங்கியது. நாற்பது வருஷமாக உலகமே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. இன்றைக்குச் சேலை விற்க வரும் விசைத்தறிக்காரருக்கு இலை எங்கே காலி?

சரி, ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கொள்ளலாமே என்றால், அதிலும் வம்பு. தமிழிலேயே சிலருக்குக் கோவில், சிலருக்குக் கோயில். ஆங்கிலத்தில் 'வி' போட்டு எழுதுகிறவர் உண்டு, போடாதவரும் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி ஆணை போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதம் வாபஸ் வாங்கியது. அரசுக்கே இந்தப் பாடு என்றால், கடைக்காரர் என்ன செய்வார்? ஓர் எழுத்து மாறினால் வாடிக்கையாளர் அடுத்தவர் கடைக்குள் போய் நிற்பார்!

ஓர் எழுத்துக்காகச் சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கும் உண்டு. 'சிஃபி' என்ற பெயரில் சத்யம் இன்ஃபோவே வியாபாரம் செய்தது. இன்னொரு கம்பெனி கூடுதலாக ஓர் 'எஃப்' போட்டு 'சிஃபிநெட்' என்று பதிவு செய்தது. இன்டர்நெட் முகவரியும் வியாபாரப் பெயர்தான், அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் தீர்ப்பாயிற்று. நல்ல தீர்ப்பு. ஆனால் அது தனக்கென்று பெயர் எடுத்தவருக்குத்தான் கைகொடுக்கும். ஊரே வைத்திருக்கிற அம்மன் பெயரை "எனக்கு மட்டும்" என்று கேட்டால் எடுபடுவது கஷ்டம்.

இதற்கிடையில் தரகர்கள். காலி மனையை வளைத்துப் போடுவதுபோல நல்ல பெயர்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு கொள்ளை விலை சொல்கிறார்கள். அவர்களிடம் ஏமாறவே வேண்டாம். கோமதியோடு தொழிலைச் சேர்க்கலாம், தெருவைச் சேர்க்கலாம். போனில் ஒரு தடவை சொன்னால் எதிராளி பிழையில்லாமல் எழுத வேண்டும். அதுதான் நல்ல பெயர். போர்டு எழுதுவதற்கு முன்பே பெயர் கிடைக்குமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

அதைவிட முக்கியம், பதிவு யார் பெயரில் என்பது. கம்ப்யூட்டர் தெரிந்த தம்பியிடம் "நீயே பார்த்துக்கப்பா" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். தம்பி தன் பெயரில் பதிவு செய்துவிட்டால் நாளைக்குக் கடை ஒருவருடையது, முகவரி இன்னொருவருடையது. கெடு தவறாமல் புதுப்பிக்கவும் வேண்டும். தவறினால் வேறொருவர் கொத்திக்கொண்டு போவார்.

'டாட் இந்தியா' என்று முழுக்கத் தமிழ் எழுத்திலேயே முகவரி வாங்க இப்போது வழி இருக்கிறது. ஆங்கில எழுத்துச் சண்டை அதில் இல்லை. ஆனால் பல விண்ணப்பப் படிவங்கள் ஆங்கில முகவரியைத்தான் ஏற்கின்றன. அரசு அலுவலகங்களும் வங்கிகளும் முதலில் தமிழ் முகவரியை ஏற்கட்டும். தமிழில் போர்டு வை என்று கடைக்காரரிடம் சொல்லுகிற அரசுக்கு அந்தக் கடமை இல்லையா?