எவ்வளவு நேரம் ஆகும்?

கலியாண வீட்டில் சமையற்காரரிடம் "சாப்பாடு எப்போது?" என்று கேட்டால், "இதோ, இலை போட வேண்டியதுதான்" என்பார். வீடு கட்டும் கொத்தனாரோ, "தை மாதம் பால் காய்ச்சி விடலாம்" என்பார். எந்த வருஷத்துத் தை என்பதை மட்டும் வெளியிடமாட்டார். இவ்விருவரையும் மிஞ்சிய ஆசாமி ஒருவர் இப்போது நம் வீடுகளில் குடியேறியிருக்கிறார். கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன்.

காரைக்குடியில் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை ஒருவன் சென்ற மாதம் என்னிடம் வந்தான். "ஐயா, லினக்ஸ் அமைப்பு முழுவதையும் மூலத்திலிருந்து நானே கட்டப் போகிறேன். எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான். மடிக்கணினி அவனுடையதன்று, 2011-ல் தமிழக அரசு ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவன் ஆச்சிக்குக் கிடைத்தது. (செட்டிநாட்டில் மூத்த சகோதரியை ஆச்சி என்று அழைப்பது வழக்கம்.) விடிந்தால் அந்த ஆச்சி ஓர் உத்தியோகத்துக்கு மனுப் போட வேண்டும், கடைசி நாள். ஆகையால் பையனுடைய கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வியல்ல.

விஷயம் தெரியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருளை மனிதர்கள் எழுதும் வடிவம் "மூலம்". அதைச் சமையற் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பைப் படித்தால் பசி ஆறுமா? அதை யந்திரம் உண்ணக்கூடிய பண்டமாகச் சமைத்துத் தருவது கம்பைலர் என்னும் நிரல். நம்மில் பெரும்பாலோர் பிறர் சமைத்ததை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். சிலருக்குத்தான் சொந்த அடுப்பில் சமைக்கும் ஆசை உண்டாகிறது.

அவ்வாறு சமைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் மூன்று நிமிஷம் என்பார். இன்னொருவர் இரவு முழுவதும் என்பார். இருவரும் பொய்யர்களல்லர். ஒருவர் வீட்டில் கோட்டை அடுப்பு. மற்றவர் வீட்டில் குமுட்டி அடுப்பு. கவுனி அரிசி வேக எத்தனை நேரம் ஆகும் என்று அனுபவமுள்ள ஒரு பாட்டியிடம் கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொல்லமாட்டாள். "உங்கள் வீட்டு அடுப்பிலே சாதம் வேக எவ்வளவு நேரமாகிறது? அதைப்போல இத்தனை பங்கு" என்பாள்.

இந்தப் பாட்டி சாஸ்திரத்தைத்தான் 1999-ல் ஜெரார்ட் பீக்மன்ஸ் என்பவர் தொடங்கிய "லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்" என்ற புத்தகம் கைக்கொண்டிருக்கிறது. அதில் நிமிஷக் கணக்கே கிடையாது. முதலில் கட்டப்படும் "பின்யூட்டில்ஸ்" என்ற தொகுதிக்கு உங்கள் யந்திரத்தில் ஆகும் நேரம் எதுவோ, அதுவே ஓர் அலகு. மற்றவை எல்லாம் அதன் மடங்குகள். ஜி.சி.சி. என்னும் கம்பைலரை முதல் தடவை கட்ட மூன்று அலகுக்குமேல் ஆகும். அதையே பின்னால் இறுதியாகக் கட்டி, சோதனைகளையும் நடத்தினால், சமீபத்திய பதிப்புகளின் கணக்குப்படி 40 அலகுக்கு மேல்.

பையனைப் பின்யூட்டில்ஸை மட்டும் கட்டிப் பார்க்கச் சொன்னேன். 9 நிமிஷம் ஆயிற்று. 40-ஐ 9-ஆல் பெருக்கினால் 360 நிமிஷம். அதாவது ஒரே ஒரு தொகுதிக்கு 6 மணி. பையன் முகம் சற்று வாடியது. இவ்வளவிலும் பெரும்பங்கு சோதனைகளுக்கே போகிறது. ஆனால் முதல் தடவை கட்டுகிறவர்கள் அதைச் செய்வதே நல்லது என்று புத்தகம் சொல்கிறது. என் அபிப்பிராயமும் அதுவே.

இதுவும் உத்தேசந்தான் என்று அந்தப் புத்தகமே எச்சரிக்கிறது. உத்தேசம் முறிந்து போகும் இடம் பெரும்பாலும் நினைவகம். செயலிக்குள் இரண்டு, நான்கு என்று "கோர்"கள் இருக்கின்றன. அத்தனைக்கும் ஒரே சமயத்தில் வேலை கொடுக்கலாம். ஆனால் சி++ மொழியில் எழுதிய பெரிய கோப்பு ஒன்றே 1 ஜி.பி. நினைவகத்தை விழுங்கிவிடக்கூடும். நம் பையனின் யந்திரத்தில் இருப்பதோ 2 ஜி.பி. சிறிய சமையலறையில் நான்கு பரிசாரகர்களை நிறுத்தினால் பாத்திரங்களைத் திண்ணையில் வைத்து வைத்து எடுக்கத்தான் பொழுது சரியாக இருக்கும். யந்திரத்துக்குத் திண்ணை, தட்டு. அங்கே போய்வர ஆரம்பித்தால் 6 மணி 20 மணியாகும். ஆட்களைக் குறைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது இங்கே விசித்திரமான உண்மை.

திரையில் தோன்றும் கணக்கையும் நம்ப வேண்டாம். "1000-த்தில் 950 முடிந்தது" என்று அது சொல்வது கோப்புகளின் எண்ணிக்கையை; அவற்றின் கனத்தை அல்ல. எல்லாவற்றையும் இணைக்கும் கடைசி வேலை பெரும்பாலும் ஒற்றையாள் வேலை. ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கண்ணாடிமேல் வர்ணக் கலவையை ஊற்றிக் கல் வார்க்கும் வேலைக்குப் பத்துப் பேரை வைக்கலாம். ஆனால் வார்த்த கல் தொட்டி நீரில் ஊற வேண்டிய நாட்களைப் பத்துப் பேராலும் குறைக்க முடியாது. கணினி உலகத்தில் 1967-ல் ஜீன் அம்டால் என்ற அமெரிக்கர் இதை ஒரு விதியாகவே எடுத்துரைத்தார்.

பின் எதைத்தான் நம்புவது? பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்த நகரத்தார் எதை நம்பினார்களோ, அதைத்தான்: பேரேடு. ஜென்டூ என்ற லினக்ஸ் அமைப்பு, எந்தத் தொகுதியை எப்போது கட்டத் தொடங்கி எப்போது முடித்தது என்று எழுதி வைக்கிறது. "ஜென்லாப்" என்ற சிறு நிரல் அந்தப் பழைய வரவுகளைப் புரட்டி, இம்முறை எவ்வளவு ஆகும் என்று மதிப்பிட்டுச் சொல்கிறது. தன் யந்திரத்தின் சொந்தச் சரித்திரமானபடியால் அதற்கு மதிப்பு அதிகம்.

புத்தகத்தின் ஆசிரியர்கள் 4 கோரும் 8 ஜி.பி. நினைவகமும் இருப்பது நல்லது என்கிறார்கள். பழைய யந்திரங்களிலும் வேலை நடக்கும், நேரந்தான் கணிசமாகக் கூடும் என்கிறார்கள். "கணிசமாக" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஓர் ஏழைப் பிள்ளையின் இரவுகள் எத்தனை அடங்கியிருக்கின்றன! மூலம் எல்லோருக்கும் இனாம். அதைச் சமைக்கும் விறகு இனாமல்ல.

ஆகவே அவனிடம் சொன்னது இதுதான்: இன்றிரவு வேண்டாம், ஆச்சியின் மனு போகட்டும். சனிக்கிழமை தொடங்கு, ஒரே சமயத்தில் ஒரு வேலைக்குமேல் கொடுக்காதே. நடுவே மின்சாரம் போனால் பயமில்லை. "மேக்" என்ற நிரல் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியைத்தான் தொடரும். மின்சாரம் போன தருணத்தில் அரைகுறையாக நின்ற கோப்பை மட்டும் அழித்துவிட வேண்டும். ஜென்டூக்காரர்களே 2023 டிசம்பர் முதல், சமைத்த பண்டங்களையும் தாராளமாக வழங்கி வருகிறார்கள். அவசரமானவற்றை அப்படி வாங்கிக்கொண்டு, ஆசைப்பட்டதை மட்டும் சொந்த அடுப்பில் ஏற்றுவது கௌரவக் குறைவல்ல என்பதையும் அவனிடம் சொல்லி வைத்தேன்.