7 பேர்ச்சஸ் காணி சரி, அத்திவாரம் எங்கே?



லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போவது நமது பல்லாண்டுக் கோரிக்கை. 7 பேர்ச்சஸ் காணியும் கேட்டுக் கேட்டுப் பெற்றதே. ஆனால் அந்தக் காணியில் எழும் வீட்டின் அத்திவாரம் பற்றி நம்மிடம் யாரும் பேசுவதில்லை. அடிக்கல் நாட்ட மாலையும் மேளமும் வருகின்றன. கல்லுக்குக் கீழே என்ன மண் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

சரிவான காணியில் என்ன செய்கிறார்கள்? மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமப்படுத்துகிறார்கள். பாதி வீடு கெட்டித் தரையில், மறுபாதி கொட்டிய மண்ணில். இரண்டுக்கும் ஒரே ஆழத்தில் கருங்கல் அத்திவாரம். மழை இறங்க இறங்கக் கொட்டிய மண் அமரும், அதன்மேல் நிற்கும் பாதியும் இறங்கும், சுவர் பிளக்கும். கேட்டால் "வெறும் பூச்சு வெடிப்பு" என்பார்கள். பூச்சு வெடிப்பு முடிபோல மேலாக ஓடும். சுவரின் இருபுறமும் தெரிந்து, யன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, நாளுக்கு நாள் அகலும் வெடிப்பு அத்திவாரக் கோளாறையே காட்டும்.

"வேறு அத்திவாரம் போட்டால் செலவு கூடும்" என்கிறார்கள். கருங்கல் கூடாதென்று நாம் சொல்லவில்லை. கெட்டியான சமதரையில் மாடியில்லாத வீட்டுக்கு அது போதும். சரிவில் அதையே படிப்படியாக, ஒவ்வொரு படியும் மட்டமாக, வெட்டுப்படாத இயற்கை மண்ணில் இறக்க வேண்டும். கொட்டிய மண் ஆழமானால், அதைத் தாண்டிக் கெட்டித் தரைவரை தூண் இறக்கி, கம்பி கட்டிய கொங்கிரீட் பீமால் தூண்களைப் பிணைக்க வேண்டும். இன்று மிச்சம் பிடிக்கும் காசை, நாளை வெடித்த சுவரோடு நாம்தான் கட்டித் தொலைக்க வேண்டும்.

தேயிலைச் செடியின் மண் கழுவிப்போகாமல் மலை முழுதும் நம்மைக் கொண்டு கான் வெட்டுவித்த நிர்வாகங்களுக்கு, நமது வீட்டுக்கு மேலே ஒரு கான் வேண்டுமென்று தெரியாதா?

மலையே நகரும் இடத்தில் எந்த அத்திவாரமும் நிற்காது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு நம் மக்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானதென முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆகவே முதலில் இடம், அதன்பிறகே அத்திவாரம்.

நாம் கோருவது:

1. காணி ஒப்படைக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, தமிழில், குடும்பத்தின் கையில்.
2. எல்லாக் காணிக்கும் ஒரே வரைபடம் வேண்டாம். அந்தந்தச் சரிவுக்கும் மண்ணுக்கும் ஏற்ற அத்திவாரம்.
3. கிடங்கில் கல் இறங்குமுன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.
4. கான், நீர் வடியத் துளை வைத்த தாங்குசுவர் ஆகியவற்றின் செலவு வீட்டு மதிப்பீட்டுக்குள்ளேயே சேர வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தோழர்களே! கிடங்கு வெட்டும் நாளில் இருவர் அங்கே நில்லுங்கள். அலவாங்கு இலகுவாக இறங்கும் மண்ணில் கல் வைக்க விடாதீர்கள். சுவர் எழுந்தபின் அத்திவாரத்தை யாரும் பார்க்க முடியாது. கேட்க வேண்டியதை அன்றே கேளுங்கள்!